திருடன் ஒப்புதல் அவசியம்

உங்கள் லேப்டாப் திருடு போய்விட்டதா? கவலை வேண்டாம். அதில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த மென்பொருளைப் புதுக் கணினிக்கு மாற்றிக்கொள்ள மிக எளிய வழி இருக்கிறது. திருடு போன லேப்டாப்பைத் திறக்க வேண்டும். மென்பொருளை இயக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலுக்குப் போய் ‘டீஆக்டிவேட்’ என்பதை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். இணைய இணைப்பு மட்டும் அவசியம்.

திருடன் வீட்டில் வைஃபை இருக்கிறதா என்பதை நீங்கள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது.

கற்பனை செய்து எழுதவில்லை. மதுரையில் டிசைன் கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு, வாடிக்கையாளர் சேவை என்று பெயர் சூட்டிக்கொண்ட ஓர் இடத்திலிருந்து, மரியாதை குறையாமல், ‘சார்’ போட்டுச் சொல்லப்பட்ட வழிமுறை இது. செத்தவரையே நேரில் வரச்சொல்லி இறப்புச் சான்றிதழில் கையெழுத்துக் கேட்பது போன்ற விதி. அந்த விதியை எழுதியவருக்குச் சம்பளமும் உண்டு, ஊக்கத்தொகையும் உண்டு.

நண்பர் அடிப்பவை கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அந்தத் தெருவில் டிசைன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாக் கடையிலும் எல்லாமே கிராக். இவர் ஒருவர்தான் பில் போட்டு, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்துக் கட்டி, ஒரிஜினல் வாங்கியவர். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அது பொறாமையில்லை, முன்னறிவு என்பது இப்போதுதான் விளங்குகிறது.

சென்னையில் வேலை முடித்துவிட்டு ராத்திரி ரயிலில் ஊர் திரும்பியவர், பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். விழித்தபோது தலை இருந்தது. பை இல்லை.

இருப்புப்பாதை காவல் நிலையத்தில் விசாரணை தொடங்கியது. யாரை என்று கேட்காதீர்கள். வேறு யாரை? பறிகொடுத்தவரைத்தான்.

“எங்கே போச்சு?”

“தெரியலை சார், தூங்கிட்டேன்.”

“எங்கே தூங்குனீங்க?”

“செங்கல்பட்டு தாண்டி.”

“முழிச்சது?”

“திண்டுக்கல்.”

“அப்ப விழுப்புரமா, விருத்தாசலமா, திருச்சியான்னு நீங்கதான் சொல்லணும்.”

எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. அதற்கு முன்பே, 2013இல், லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு டெல்லியிலிருந்து கிளம்பி ரயில் ஏறியிருக்கிறது. வழியில் தூங்கிவிட்டது போலும். நண்பருக்கு முதலில் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது. ‘உங்கள் மனு எங்களிடம் இருக்கிறது’ என்பதற்கான ஒப்புகை, அவ்வளவே.

நிறுவனம் சி.எஸ்.ஆரை ஏற்காது. எஃப்.ஐ.ஆர். வேண்டும். வெறும் எஃப்.ஐ.ஆர். போதாது. அதில் லேப்டாப்பின் சீரியல் எண்ணோடு மென்பொருளின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை குத்தி அனுப்ப வேண்டும்.

நண்பர் மறுபடி காவல் நிலையம் போனார். சாஃப்ட்வேரையும் எழுதச் சொன்னார். ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார்.

“அது எங்கே இருந்துச்சு?”

“லேப்டாப்புக்குள்ள.”

“லேப்டாப்பே போச்சுன்னு எழுதியாச்சு. உள்ளே இருந்தது மட்டும் தனியா நடந்து போச்சா?”

இந்த விவகாரம் முழுவதிலும் அறிவோடு பேசப்பட்ட ஒரே வார்த்தை அதுதான். அந்த ஏட்டையாவைத் தூக்கி நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குத் தலைவராகப் போட்டால் பாதி வழக்கு குறையும்.

சேவை மையத்தின் தத்துவம் நேர் எதிர். அவர்கள் கணக்கில் எதுவுமே திருடு போகவில்லை. “உங்க லைசென்ஸ் ஆக்டிவாத்தான் இருக்கு சார்” என்று குளிர்ச்சியாகச் சொன்னது குரல். யாரிடம் என்று கேட்டார் நண்பர். “உங்க டிவைஸ்ல சார்.” டிவைஸ் திருடனிடம் இருக்கிறது. “கடைசியா கனெக்ட் ஆன தேதிகூட இங்கே காட்டுது சார்.” நண்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கிருந்து கனெக்ட் ஆனது? ஐ.பி. முகவரி? ஊர்?

“சாரி சார். அதை ஷேர் பண்ண முடியாது. பிரைவசி பாலிசி.”

யாருடைய பிரைவசி? காசு கொடுத்தவருடைய பெயர், முகவரி, போன் நம்பர், பான் எண், பில் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த மென்பொருள் தலைமையகத்துக்குப் போன் போட்டு, யார், எந்தக் கணினி, எந்தப் பதிப்பு என்று போட்டுக்கொடுக்கிறது. இதில் யாருக்கும் கூச்சம் இல்லை. ஒரே உரிமத்தை இரண்டாவது கணினியில் போட்டுவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வாசல் தேடி வரும். திருட்டுப் பிரதி என்று சந்தேகம் வந்தால் பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போவார்கள். எதிர்த் தரப்புக்குத் தெரியாமலேயே உத்தரவு வாங்கி, லோக்கல் கமிஷனரை அலுவலகத்துக்குள் இறக்குவார்கள். அப்போதெல்லாம் ஐ.பி. முகவரி சாட்சி. அப்போதெல்லாம் பிரைவசி பாலிசிக்கு விடுமுறை. நிஜமான திருடன், நிஜமான லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, நிஜமான இணையத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய அந்தரங்கம்தான் இந்த உலகத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய ஒரே பொக்கிஷம்.

1976இலேயே பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, உங்களில் பெரும்பாலானவர்கள் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று சாடினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டாகத் திருடன், திருடன் என்று கத்திக்கொண்டிருக்கும் தொழில் இது. ஒரு வழியாகத் திருடன் ஒருவன் வந்துவிட்டான். அவனுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு கதாபாத்திரம். டீலர். நம் ஊரில் மென்பொருள் வாங்கியவர்களுக்குத் தெரியும். பில் நம் பேரில் இருக்கும். நிறுவனத்தில் பதிவானது டீலருடைய மெயில் ஐடியில் இருக்கும். “நீங்க எதுக்கு சார் சிரமப்படணும், நானே ரிஜிஸ்டர் பண்ணிடறேன்” என்ற பரோபகாரத்தின் விளைவு. இப்போது உரிமத்தை மாற்ற ஓ.டி.பி. அந்த மெயிலுக்குத்தான் போகும். டீலர் கடையை மூடிவிட்டார். அந்த இடத்தில் இப்போது புரோட்டா கடை. ஓ.டி.பி. தவிர மற்றதெல்லாம் கிடைக்கிறது.

சரி, ஒன்று கேட்கிறேன். நண்பர் வாங்கியது என்ன? பொருளா, அனுமதியா?

இதற்கு இந்த நாட்டில் பதில் இருக்கிறது. ஒன்றல்ல, ஆளுக்கேற்ற பதில். 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெட்டியில் போட்டு விற்கும் மென்பொருள் ‘சரக்கு’தான், விற்பனை வரி விதிக்கலாம் என்று சொன்னது. அரசுக்கு மகிழ்ச்சி. வரி கட்டும்போது நம் கையில் இருப்பது சரக்கு. வருமான வரிக் கணக்கில் கணினியோடு மென்பொருளையும் சொத்தாகச் சேர்த்து 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். அங்கே அது சொத்து.

அடுத்து 2021 மார்ச். வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி, அதில் வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்றது வருமான வரித் துறை. நிறுவனங்களும் விநியோகஸ்தர்களும் உச்ச நீதிமன்றத்தில் வரிசையாக நின்றார்கள். என்ன வாதாடினார்கள் தெரியுமா? ‘நாங்கள் பதிப்புரிமை எதையும் கொடுக்கவில்லை. பதிப்புரிமை உள்ள ஒரு பொருளை விற்கிறோம். இது வெறும் விற்பனை.’ இஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வரி தப்பியது. தீர்ப்பில் குறை காண எனக்குத் தகுதி இல்லை, தேவையும் இல்லை. விற்பனை என்றே இருக்கட்டும். அந்த உச்ச நீதிமன்ற வாசலில் சொன்னதை மதுரைக் கடை வாசலிலும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சொல்ல மாட்டார்கள். கடைக்காரரிடம் வரும்போது ஒப்பந்தத்தின் முதல் பத்தியிலேயே கொட்டை எழுத்து: ‘இந்த மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை. பயன்படுத்த அனுமதி மட்டுமே அளிக்கப்படுகிறது.’ வரித் துறைக்கு முன்னால் விற்பனை. வாடிக்கையாளருக்கு முன்னால் வாடகை. ஒரே பெட்டி, ஒரே பில், ஒரே சாவி எண். ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், காலவரையற்ற உரிமம் கொடுத்துக் காசு வாங்கினால் அது விற்பனைதான், வாங்கியவன் கைமாற்றவும் செய்யலாம் என்று ஆரக்கிள் நிறுவனத்திடமே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஆட்டோடெஸ்க் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. நமக்கு எந்தத் தீர்ப்பு இறக்குமதியாகும் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம்.

இன்னும் வேடிக்கை, சட்டம் நண்பர் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 52(1)(ஏஏ) பிரிவு. முறையாக மென்பொருளை வைத்திருப்பவர், அது தொலைந்துபோனாலோ அழிந்துபோனாலோ சேதமானாலோ பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பேக்கப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ‘தொலைந்துபோனால்’ என்று நாடாளுமன்றமே யோசித்திருக்கிறது. நண்பரும் எடுத்து வைத்திருந்தார். பென் டிரைவில், பீரோவுக்குள். புதுக் கணினியில் போட்டார். திறந்தது. ‘இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது’ என்றது. சட்டம் கொடுத்த உரிமையை ஒரு டயலாக் பாக்ஸ் பறித்துக்கொண்டது. மேல்முறையீடு செய்ய அதில் ‘ஓகே’ என்ற ஒரே ஒரு பொத்தான் இருந்தது.

வேறு என்ன செய்வது? பக்கத்துக் கடைத் தம்பி அன்போடு சொன்னான்: “அண்ணே, கிராக் போட்டுத் தர்றேன். பத்து நிமிஷம்.” நண்பர் பயந்தார். பயப்பட வேண்டியதுதான். அதே சட்டத்தின் 63பி பிரிவைப் படியுங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது ஐம்பதாயிரம், அதிகபட்சம் இரண்டு லட்சம். லாபத்துக்கோ தொழிலுக்கோ இல்லை என்றால் நீதிமன்றம் தயவு காட்டலாம். நண்பர் பத்திரிகை அடித்துப் பிழைக்கிறார். தயவு இல்லை.

லேப்டாப்பைத் தூக்கியவன்? ரயிலில் நடந்த திருட்டு என்பதால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. 303ஆவது பிரிவில் அடங்கும் சாதாரணத் திருட்டு என்றால், ஐயாயிரம் ரூபாய்க்குள் மதிப்புள்ள பொருளைத் திருடிய முதல் குற்றவாளி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆக, லேப்டாப்பைத் திருடியவனுக்கு இத்தனை நாளாவது சிறை என்ற கணக்கு இல்லை. தான் ஏற்கெனவே விலை கொடுத்த மென்பொருளைக் கிராக் போட்டுத் திறந்தால் நண்பருக்கு ஏழு நாள் நிச்சயம். வழக்கறிஞரைக் கேட்டால் 52ஐக் காட்டி வாதாடலாம் என்பார். வாதாடலாம். அவருடைய கட்டணத்தில் அதே மென்பொருளை நான்கு வாங்கலாம்.

மென்பொருள் நிறுவனங்கள் எல்லாமே இப்படி என்று சொன்னால் பாவம். கடையில் தனியாக வாங்கிய விண்டோஸ் உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ள மைக்ரோசாஃப்டின் விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் தனியாக வாங்கினோம்? பெட்டியோடு வருவதுதான் நமக்கு விண்டோஸ். அது அந்தப் பெட்டியோடு பிறந்து அந்தப் பெட்டியோடு உடன்கட்டை ஏற வேண்டியது. லேப்டாப் போனால் அதுவும் போயிற்று. திருடன் அதைச் சட்டப்படியான ஒரிஜினல் விண்டோஸில் ஓட்டுவான். நீங்கள் புது லேப்டாப்போடு இன்னொன்றுக்கு விலை கொடுப்பீர்கள். ஒரு கடைக்காரருக்கு ஒன்று. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் கல்லூரிகளும் லட்சக்கணக்கில் வாங்குகின்றன. பள்ளிக்கூடத்துப் பூட்டை உடைத்துக் கணினிகளை அள்ளிக்கொண்டு போன செய்தியைப் படிக்கிறோம். போனது இரும்பும் பிளாஸ்டிக்கும் மட்டும் என்றா நினைத்தீர்கள்? உரிமமும் சேர்ந்தே போகிறது. மறுபடி வாங்குவது யார் பணத்தில் என்று தணிக்கைத் துறை கேட்கலாம். நாம் கேட்க வேண்டாம், நமக்குத் தெரியும்.

‘தொழில்நுட்பச் சிக்கல்’ என்று ஒரு சமாதானம் உண்டு. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். தொலைந்த போனிலிருந்து மெயில் கணக்கை வெளியேற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளை செய்கிறது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள்களில், கணக்குக்குள் நுழைந்து பழைய கணினியை அங்கிருந்தே கழற்றிவிடலாம். ஒரே சொடுக்கு. சந்தா கட்டுபவன் கறவை மாடு, அவனுக்குக் கொட்டகை, தண்ணீர் எல்லாம் உண்டு. ஒரே தடவை காசு கொடுத்து ‘இது என்னுடையது’ என்று நினைத்துக்கொண்டவன்தான் திருடன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவன் சலித்துப்போய்ச் சந்தாவுக்கு வரட்டும் என்றுதான் நிறுத்துகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு. உங்களுக்கும் இருக்கும்.

இதே ஆட்கள்தான் கருத்தரங்கு நடத்துகிறார்கள். ‘ஒரிஜினல் வாங்குங்கள், நிம்மதியாக இருங்கள்.’ குளிரூட்டப்பட்ட ஹாலில் முந்திரி பிஸ்கட் கொடுத்து உபதேசம். அந்தத் தெருவின் கிராக் கடைகளைப் பாருங்கள். லேப்டாப் தொலைந்தால் வேறு லேப்டாப், பத்து நிமிடம், வேலை தொடங்கிவிடும். கிராக் ஒருநாளும் எஃப்.ஐ.ஆர். கேட்டதில்லை. நோட்டரி கேட்டதில்லை. மூடிய டீலரின் மெயிலுக்கு ஓ.டி.பி. அனுப்பியதில்லை. கிராக்கை ஊக்குவிப்பவர்கள் சென்னை ரிச்சி தெருவில் இல்லை. அந்த ஹாலில் மேடையில் இருக்கிறார்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைக்கிறவர், பிழைப்புக்காக வாங்கினாலும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு சட்டம் ஒத்துக்கொள்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்கும் போடலாம். ஆனால் அந்த வகை வழக்கை மாவட்ட ஆணையத்தில் போட முடியாது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அங்கே எதிர்த் தரப்பு வக்கீல் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை விரிப்பார். தகராறு என்றால் எந்த நாட்டு, எந்த ஊர் நீதிமன்றம் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஊருக்கு மதுரையிலிருந்து ரயில் கிடையாது.

கேட்பது பெரிய சலுகை அல்ல. எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டால் பழைய கணினியின் உரிமம் அணைந்து புதியதில் எரிய ஒரு பொத்தான். சட்டம் கொடுத்த பேக்கப் உரிமையை எந்தப் பூட்டும் தடுக்கக் கூடாது என்று பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வரி. 2012இல் சட்டத்தைத் திருத்தினார்களே, அப்போது உரிமையை மீறும் நோக்கத்தோடு நிறுவனங்களின் டிஜிட்டல் பூட்டை உடைப்பவனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று 65ஏ பிரிவைச் சேர்க்க நேரம் இருந்தது. பூட்டுக்கு வெளியே நிற்கும் உரிமைக்காரனுக்கு நிறுவனமே பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க மை தீர்ந்துவிட்டது.

நண்பரின் புகார் முடித்து வைக்கப்பட்டது. காரணம்: ‘வாடிக்கையாளருக்கு வழிமுறை விளக்கப்பட்டது.’ அன்று மாலையே ஒரு போன். சேவை மையம் இல்லை, விற்பனைப் பிரிவு. குரலில் உண்மையான துக்கம்.

“சார், உங்க லேப்டாப் திருடு போச்சுன்னு கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தமா இருக்கு. பழைய கஸ்டமர்ங்கிறதால புது லைசென்ஸுக்குப் பத்து பர்சென்ட் டிஸ்கவுண்ட் தர்றோம் சார்.”

“எஃப்.ஐ.ஆர். காப்பி அனுப்பணுமா?” என்று கேட்டார் நண்பர்.

“அதெல்லாம் எதுக்கு சார்? நீங்க சொன்னா நம்ப மாட்டோமா? கார்டு நம்பர் சொல்லுங்க, போதும்.”